மணல்திட்டில் அத்தை மிதந்த கதை

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. இங்கே நான், உன் அம்மா, அத்தை மூவரும் முழுசாக இருக்கிறோம், அங்கே நீயும் மாப்பிள்ளையும் சுகம்தானே. முழுசாக என்று எழுதியதற்குக் காரணம் உண்டு, பதறாமல் படி.

போன வாரம் கடலுக்குள் நாக்கு மாதிரி நீண்டு கிடக்கும் மணல்திட்டில் ஒரு குடில் வாடகைக்கு எடுத்துத் தங்கினோம். பலகைச் சுவர், தகரக் கூரை, படுக்கையெல்லாம் மணல், உன் அம்மா துடைப்பத்தைக் கீழே வைக்கவே இல்லை. குளிப்பதானால் கரையில் நட்டிருக்கும் இரண்டு கொடிகளுக்கு நடுவில்தான், திட்டின் முனைப்பக்கம் நீர் உள்ளே இழுக்கும் என்று கரையில் காவலிருக்கும் நீச்சல்காரப் பெண் வந்தவுடனே எச்சரித்தாள். இழுத்தா எதிர்த்து நீந்தாதீங்க, மல்லாந்து மிதங்க, நான் வந்துடுவேன் என்றாள். உன் அத்தைதான் தலைமையாசிரியையாக இருந்தவராயிற்றே, சொல்லித்தான் பழக்கம், கேட்டுப் பழக்கமில்லை. முழங்கால் தண்ணிக்கு எதுக்குடா கொடி என்று முனைக்குக் கிளிஞ்சல் பொறுக்கப் போனார். நான் தேநீர் ஊற்றிவிட்டு நிமிர்ந்தால் கரையில் செருப்பு மட்டும் கிடக்கிறது, தலை தூரத்தில் தண்ணீருக்கு மேல் தெரிகிறது.

உன் அம்மா அப்படியே தண்ணீரில் இறங்கப் போனாள். அவளுக்கும் நீச்சல் தெரியாது, எனக்கும் தெரியாது. அவளை இழுத்துப் பிடித்து, ஓடிப்போய் அந்தப் பெண்ணைக் கூட்டிட்டு வா என்று துரத்தினேன். கூடப்பிறந்தவள் கண்ணெதிரே போய்க்கொண்டிருக்க, கரையில் நிற்பது என்ன பாடு என்று எழுத வரவில்லையம்மா. அக்கா, மல்லாந்து படு, மல்லாந்து படு என்று தொண்டை கிழியக் கத்தினேன். வாழ்நாளில் முதல்முறையாக என் பேச்சைக் கேட்டார். கையடித்துத் தவித்தவர் புரண்டு மிதந்தார். அதற்குள் அந்தப் பெண் மிதவையோடு பாய்ந்து போய், இழுப்பை விட்டு விலகிப் பக்கவாட்டில் சுற்றி, கரைசேர்த்துவிட்டாள்.

மருத்துவர் பார்த்துவிட்டுப் பயமில்லை என்றார். அதன் பிறகுதான் எனக்கு மூச்சே வந்தது. குடில் வாசலில் போர்வையோடு உட்கார்ந்திருந்த அத்தை என்னை முறைத்து, எவ்வளவு நேரம்டா கையைப் பிடிச்சிட்டே இருப்பே, விடு, தலை துவட்டணும் என்றார். பிடித்திருப்பதே அப்போதுதான் தெரிந்தது. ஆனாலும் விடவில்லை. அம்மாதான் துவட்டிவிட்டாள்.

உன்னிடம் சொல்லக் கூடாது என்று அத்தை சத்தியம் வாங்கியிருக்கிறார், அதனால் போனில் ஒன்றும் தெரியாதவள் மாதிரியே பேசு. நீங்கள் இருவரும் கடலுக்குப் போனால் கொடியைத் தாண்டாதீர்கள். நோய்நொடியில்லாமல், மனம் நிறைந்து நன்றாயிருங்கள்.

என்றும் உன் நினைவாக இருக்கும்,
அப்பா