இடது கையால் எடுத்த காபி

அன்புள்ள அம்மாவுக்கு,

முழங்கால் வலி எப்படி இருக்கிறது? மாடிப்படி ஏறாதே. நான் நலம், ஃபீனிக்ஸ் வெயில்தான் தாங்கவில்லை.

ஆள் தேர்வு செய்யும் என் பேச்சை நம்பி எங்கள் பேஸ்பால் அணி நான்கு வருடத்துக்கு ஒப்பந்தம் போட்ட பந்துவீச்சாளர் ஹார்கிரேவுக்கு, மூன்றாவது ஆட்டத்திலேயே முழங்கைத் தசைநார் கிழிந்துவிட்டது. டிவியில் பார்த்திருப்பாய். யாருக்கும் வரக்கூடியதுதான் என்கிறார்கள் ஆபீசில்.

உனக்கு மட்டும் சொல்கிறேன். குளிர்காலத்தில் அவர் ஆட்டத்தை எடைபோடப் போயிருந்தபோது, வலது கைக்காரரான அவர் காபிக் கோப்பையை இடது கையால் எடுத்தார். கார் கதவையும் இடது கையால்தான் திறந்தார். பார்த்தேன். பந்தின் வேகத்தில் மயங்கி, அதை அறிக்கையில் எழுதாமல் விட்டேன். எழுதியிருந்தால் மருத்துவர் அந்த வலது கையை இன்னொரு முறை பார்த்திருப்பார்.

நேற்று கட்டுப் போட்ட கையோடு என் அறைக்கு வந்தார்.

"மத்த டீமெல்லாம் என் வயசைத்தான் பார்த்தானுங்க, வெண்டல். நீ ஒருத்தன்தான்யா என் கையைப் பார்த்தே. உங்கம்மா ஒரு ஆட்டம் விடமாட்டாங்களாமே? இதைக் குடு."

ஒரு பந்தில் இடது கையால், குழந்தை எழுத்தில், கையெழுத்துப் போட்டுத் தந்தார்.

பார்சலில் வருகிறது. உன் பீச் ஜாம் இரண்டு பாட்டில் அனுப்பு. வெறும் ரொட்டி தின்று அலுத்துவிட்டது. விமானத்துக்குக் கூப்பிடுகிறார்கள், இன்னொருவனை எடைபோடப் போகிறேன்.

அந்தப் பந்தைக் கூடத்தில் மட்டும் வைக்காதே, அம்மா.

உன் மகன்,
வெண்டல்