சின்னத் தாத்தாவின் ஒன்பது விண்ணப்பங்கள்

அன்புள்ள அப்பாவுக்கு வணக்கம். முட்டிவலி தேவலையா? வேளாவேளைக்குச் சாப்பிடுகிறேன் என்று அம்மாவிடம் சொல்லுங்கள்.

வம்சாவளிப் படத்தில் நீங்கள் சிவப்பு மையால் அடித்துவைத்த சின்னத் தாத்தாவைக் கண்டுபிடித்துவிட்டேன். நான் வேலைபார்க்கும் இதே துறைமுகத்தில்தான் அவரும் மூட்டை தூக்கியிருக்கிறார். சனிக்கிழமை ஆவண அறைக்குப் போய்த் தும்மித் தும்மிப் பழைய பதிவேடுகளைத் தேடினேன். “பெத்த தாயை மறந்தவன்” என்பீர்களே, அந்த மனிதர் ஒன்பது வருடம் விடாமல் ஊருக்குப் போக விடுப்பு கேட்டிருக்கிறார். ஒவ்வொன்றின் எதிரிலும் ‘மறுக்கப்பட்டது’ என்று முத்திரை.

“பத்தாவது வருஷம் கேக்கலைங்க. அதுக்குள்ள தவறிட்டாரு,” என்றார் பதிவேட்டை எடுத்துக் கொடுத்த ஊழியரம்மா. கைக்குட்டையும் கொடுத்தார். தூசிக்குத்தான், வேறொன்றுமில்லை.

சிவப்பு மை அழியாது அப்பா. புதிதாக ஒரு படம் வரைந்துவிடுங்கள்.

தடித்த காலுறை இரண்டு ஜோடி அனுப்புங்கள். பார்சல்மேல் முகவரியை அம்மாவே தன் கையால் எழுதட்டும்.

சங்கு ஊதிவிட்டது, ஓட வேண்டும். என் விடுப்பு விண்ணப்பம் மேலாளர் மேசையில் இருக்கிறது. இது மூன்றாவது. கவலைப்படாதீர்கள், இவர் முத்திரையெல்லாம் குத்துவதில்லை. “பாக்கலாம்பா” என்று சிரிக்கிறார்.

உங்கள் மகன்