சாய்கோடு என்றால் பச்சை

பிப்ரவரி 4, செவ்வாய்

அச்சுக்கடையின் உள்ளறையில் கிடந்த காகிதக் கட்டுகளை ஒதுக்கி ஒரு மேசைக்கு இடம் பண்ணினேன். மச்சானுக்காக. என் மனைவியின் தம்பி. வேலை பார்த்த மரச்சாமான் கிடங்கை மூடிவிட்டார்களாம். பதினைந்து நாள் நம்மோடு இருக்கட்டும் என்று இவள் சொன்ன விதத்திலேயே அது பதினைந்து நாள் இல்லை என்று புரிந்துவிட்டது.

ஒரு பை நிறையத் துணி, ஒரு பை நிறையக் கலர் பென்சிலும் மார்க்கரும். முப்பத்தெட்டு வயது ஆள். என்ன வரைவாய் என்று கேட்டேன். கேடயச் சின்னமாம். ராஜாக்களும் பிரபுக்களும் கேடயத்தில் போட்டுக்கொண்டார்களே, சிங்கம், கழுகு, கோட்டை, அந்த மாதிரி. எந்த ராஜா ஆர்டர் கொடுத்திருக்கிறார் என்றேன். சிரித்தான். எதற்கும் சிரித்துவிடுவான். கேலி செய்கிறவனுக்கு அது பெரிய வசதி.

இருபத்திரண்டு வயதில் ரயில் ஓட்டும் வேலை கைக்கு வந்தது, பிடிக்கவில்லை என்று உதறிவிட்டான். என் கல்யாணத்தின்போது நான்தான் அவனுக்கு 'ரயிலை விட்ட மாப்பிள்ளை' என்று பெயர் வைத்தேன். சொந்தக்காரர்கள் பதினாறு வருடமாக அப்படித்தான் கூப்பிடுகிறார்கள்.

பிப்ரவரி 9, ஞாயிறு

கடை லீவு. சும்மா எட்டிப் பார்க்கலாம் என்று போனவன் இரண்டு மணி நேரம் நின்றுவிட்டேன்.

காகிதத்தை நேர்பாதியாக மடிக்கிறான். ஒரு பாதியில் மட்டும் மெல்லிய பென்சிலால் அரைக் கேடயம், அதைப் பிடித்துக்கொண்டு நிற்கும் ஒரு சிங்கம். பிறகு மடித்து, கரண்டியின் பின்புறத்தால் தேய்க்கிறான். பிரித்தால் மறுபாதியிலும் கேடயம், எதிரில் இன்னொரு சிங்கம். இதை நான் கம்ப்யூட்டரில் ஒரே தட்டில் செய்வேன், செய்திருக்கிறேன், பெருமையாகவும் நினைத்திருக்கிறேன். ஆனால் அதற்கப்புறம்தான் அவன் வேலையே தொடங்குகிறது. இரண்டாவது சிங்கத்தின் வாலை அழித்து வேறு மாதிரி சுழிக்கிறான். நாக்கைக் கொஞ்சம் வெளியே விடுகிறான்.

"ரெண்டும் அச்சு அசலா இருந்தா செத்துப்போயிரும் மாமா" என்றான்.

கறுப்பு மார்க்கரில் கோடு இழுக்கும்போது கையை அசைப்பதில்லை, தோளிலிருந்து இழுக்கிறான். கோடு முடியும் வரை மூச்சு விடுவதில்லை. அப்புறம் கலர் பென்சில். ஒரு பக்கமாக ஒரு பூச்சு, குறுக்கே இன்னொரு பூச்சு, அழுத்தவே அழுத்தாமல் மூன்றாவது. தங்கநிறம் என்று ஒரு பென்சிலே அவனிடம் கிடையாது. மஞ்சள், அதன் ஓரத்தில் காவி, நடுவில் வெறும் வெள்ளைக் காகிதத்தை அப்படியே விடுகிறான். தங்கம் மின்னுகிறது.

இத்தனை வருடம் அச்சுத் தொழிலில் இருக்கிறேன். வெள்ளையை விட்டுவைக்க எனக்குத் தைரியம் வந்ததில்லை.

பிப்ரவரி 12, புதன்

இவளுக்கு ஒரு சின்னம் வரைந்து கொடுத்திருக்கிறான். மருந்துக் கடையில் வேலை பார்க்கிறவள் அல்லவா, நீலக் கேடயத்தில் தங்க ஏணி, உச்சியில் கண்ணாடி போட்ட ஆந்தை. மேல்தட்டு மருந்துக்கு ஒருநாளைக்கு நூறு தரம் ஏறி இறங்குகிறாள் என்பது எனக்கு இந்தப் படத்தைப் பார்த்துத்தான் உறைத்தது.

பிப்ரவரி 17, திங்கள்

இன்று ஒரு வாடிக்கையாளர் வெள்ளைப் பேனரில் மஞ்சள் எழுத்துதான் வேண்டும் என்று அடம்பிடித்தார். நான் தலையாட்டிவிட்டேன். உள்ளேயிருந்து மச்சான் வந்து, பணிவாக, வெளுப்பு மேல் வெளுப்பு வைக்கக் கூடாது, அடர்த்தி மேல் அடர்த்தி வைக்கக் கூடாது, கேடயத்துக்கு அதுதான் முதல் விதி என்றான். தூசி பறக்க, குதிரையில் ஓடுகிற ஆளின் கேடயத்தைப் பார்த்ததும் இவன் நம் ஆளா எதிரியா என்று தெரிய வேண்டும். தெரியாவிட்டால் தலை போய்விடும். அந்த மனிதர், என் தலை போக வேண்டாம், கருநீலத்தில் போடுங்கள் என்றார்.

நான் இருபது வருடமாகச் சொல்ல நினைத்து மென்று முழுங்கியதை ஒரே நிமிடத்தில் சொல்லிவிட்டுப் போய்விட்டான்.

தெருவில் பாதிப் பேருக்குச் சின்னம் வந்துவிட்டது. குழாய்க்காரருக்குக் குறுக்கே வைத்த இரண்டு ஸ்பேனர், நடுவில் ஒரு சொட்டுத் தண்ணீர். ஓய்வு பெற்ற பஸ் கண்டக்டருக்கு ஒரு விசிலும் விரித்த உள்ளங்கையும். அவரை நாங்கள் 'சில்லறை அண்ணன்' என்போம். சில்லறை கேட்டே தேய்ந்த உள்ளங்கை அது. அவர் அதைச் சட்டம் போட்டு மாட்டிவிட்டார்.

பிப்ரவரி 22, சனி

மொத்தக் கடைக்குப் போன இடத்தில் மச்சானுக்கு ஒரு பென்சில் பெட்டி வாங்கினேன். நாற்பத்தெட்டு நிறம், தகரப் பெட்டி, வெளிநாட்டுச் சரக்கு. பெட்டியில் என்ன பாஷை எழுதியிருக்கிறது என்றே தெரியவில்லை. கொடுத்ததும் முகம் மலர்ந்தது. மலர்ந்தது என்றுதான் நினைக்கிறேன். பிறகு பெட்டியை மெதுவாக மூடி அலமாரியில் வைத்துவிட்டான்.

ரொம்ப விலை என்று கூசுகிறானோ?

மார்ச் 1, சனி

பெட்டியை இன்னும் தொடவில்லை. குட்டையாய்ப் போன பழைய பென்சில்களையே நகத்தால் பிடித்துக்கொண்டு வரைகிறான். எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான்.

மார்ச் 6, வியாழன்

தையல் தொழிற்சாலைப் பெண்கள் ஒரு கால்பந்து அணி வைத்திருக்கிறார்கள். அணித்தலைவி அங்கே துணி வெட்டும் பிரிவில் இருக்கிறார். எல்லோரும் கூப்பிடுவது 'கத்தரி அக்கா'. தெருவில் சின்னங்களைப் பார்த்துவிட்டுப் போன வாரம் வந்தார். பச்சைக் கேடயம், தங்கக் கத்தரிக்கோல் வேண்டும் என்றார். மற்றதை மச்சானிடமே விட்டுவிட்டார்.

என்ன அழகாக வரைந்திருந்தான்! விரிந்த கத்தரிக்கோலின் இரண்டு அலகும் ஓடுகிற கால்கள் மாதிரி, நடுவே பந்து. கோட்டு ஓவியத்தைப் பார்த்தே மயங்கிவிட்டேன். இன்று மதியம் நிறம் தீட்டி முடித்துக் கொண்டுவந்து கொடுத்தான்.

கேடயம் பழுப்பாக இருந்தது. நல்ல களிமண் பழுப்பு.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மண்ணில் புரண்டு விளையாடுகிறார்கள் என்று மண் நிறமே கொடுத்துவிட்டாயா என்று கேட்டேன். எப்போதும் சிரிப்பவன் சிரிக்கவில்லை. காகிதத்தைப் பார்த்தான். என்னைப் பார்த்தான். வாங்கிக்கொண்டு உள்ளே போனவன் கடை மூடும் வரை வெளியே வரவில்லை.

என்ன தப்பாகக் கேட்டுவிட்டேன்?

மார்ச் 7, வெள்ளி

காலையில் பையில் துணி அடுக்கிக்கொண்டிருந்தான். இவள் வேலைக்குப் போய்விட்டிருந்தாள். கதவருகே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டேன், தாண்டிப் போக முடியாதபடி.

பையை விட்டுவிட்டு, தன் பழைய பச்சைப் பென்சில் துண்டை எடுத்து என் கையில் வைத்தான். அடியில் கத்தியால் கீறிய இரண்டு வெட்டு. சிவப்புக்கு ஒரு வெட்டு, பழுப்புக்கு மூன்று. பச்சை தீர்ந்துவிட்டதாம். அதனால் நான் வாங்கிக் கொடுத்த பெட்டியைத் திறந்திருக்கிறான். பெயரைப் படிக்க முடியவில்லை. பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்து, இதுதான் பச்சை என்று நினைத்து எடுத்திருக்கிறான்.

"எனக்கு நிறக்குருடு மாமா. பச்சையும் பழுப்பும் ஒண்ணுதான். சிவப்பும் சில நேரம் அப்படித்தான்."

ரயில் வேலையை அவன் உதறவில்லை. கண் பரிசோதனையில் திருப்பி அனுப்பியிருக்கிறார்கள். அந்த மாதம்தான் அக்காவுக்கு வரன் பேசிக்கொண்டிருந்தார்களாம். தாய் வழியில் வருகிற கோளாறு, அக்காவுக்குப் பிறக்கும் பிள்ளைக்கும் வரலாம் என்று டாக்டர் சொன்னதைக் கேட்டு மாமியார் நடுங்கிப்போயிருக்கிறார். வேலை பிடிக்கவில்லை என்று சொல்லிவிடு, உன் அக்கா வாழ்க்கை, என்று கேட்டுக்கொண்டாராம். இவனும் சரி என்று சொல்லிவிட்டான்.

அந்த வரன் நான்.

எனக்குத் தெரியக் கூடாது என்பதற்காக ஒருவன் பதினாறு வருடம் பொறுப்பில்லாதவன் என்ற பேரைச் சுமந்திருக்கிறான். அதற்கு ஒரு கேலிப் பெயரும் வைத்து, ஒவ்வொரு விசேஷத்திலும் அதைச் சொல்லி, எல்லோரையும் சிரிக்க வைத்தது... யார்? நான்தானே. அவனும் கூடச் சேர்ந்து சிரித்தானே, எப்படிடா சிரிச்ச?

இப்படிப்பட்டவன் எதற்கு நிறம் தீட்டுகிற வேலையில் விழுந்தான் என்று கேட்டேன்.

"இதுல மொத்தமே ஆறேழு நிறந்தான் மாமா. வெளுப்பு மேல அடர்த்தி, அடர்த்தி மேல வெளுப்பு. இந்த ஒரு இடத்துலதான் எனக்கும் எல்லாரையும் போலத் தெரியுது."

அப்புறம் ஒரு நோட்டுப் புத்தகம் காட்டினான். எங்கள் தெருவே அதில் இருந்தது, வெறும் கறுப்புக் கோட்டில். கறுப்பு மை மட்டும் இருந்த காலத்து அச்சுக்காரர்கள் நிறத்துக்குக் கோடு வைத்திருந்தார்களாம். நெட்டுக்கோடு சிவப்பு. படுக்கைக்கோடு நீலம். சாய்கோடு பச்சை. புள்ளி வைத்தால் தங்கம். ஒவ்வொரு சின்னத்தையும் முதலில் இந்தக் கோட்டில் வரைந்துவிட்டு, அதைப் பார்த்துப் பார்த்துத்தான் வெட்டுப் போட்ட பென்சிலை எடுத்திருக்கிறான். அச்சுக்காரன் நான். எனக்கு இது தெரியாது.

அந்தக் கோடுகள்! ஒரு சாய்கோடும் அடுத்ததை இடிக்கவில்லை. கேடயம் வளைகிற இடத்தில் கொஞ்சம் நெருங்கி, நடுவில் கொஞ்சம் விலகி, தட்டையான காகிதம் புடைத்து நிற்கிறது. பக்கம் பக்கமாகப் புரட்டினேன். பையில் இருந்த துணியை எடுத்துத் திரும்பக் கொடியில் போட்டேன்.

மார்ச் 8, சனி

அவனே தன் அக்காவிடம் சொன்னான். இவள் அழவில்லை. இதற்காகவா, இதற்காகவா என்று இரண்டு தரம் கேட்டாள். அம்மாவுக்குப் போன் போட்டுக் கத்தினாள். பிறகு என்னிடம் திரும்பினாள்.

"அப்பவே தெரிஞ்சிருந்தா, என்னை வேண்டாம்னு சொல்லியிருப்பீங்களா?"

சொல்லியிருக்க மாட்டேன் என்று சொல்ல ஒரு நொடி போதும். இருபத்தொன்பது வயதில் நான் எப்படி இருந்தேன் என்று எனக்குத் தெரியும். பெரியப்பா ஒரு வார்த்தை சொன்னால் எதிர்த்துப் பேசமாட்டேன். தெரியலை என்றேன்.

எழுந்து போய்விட்டாள்.

மார்ச் 9, ஞாயிறு

இன்னும் பேசவில்லை. சாப்பிடுகிறபோது மட்டும், உண்மையைச் சொன்னீங்களே அது வரைக்கும் சரி, என்றாள். அதுவே பெரிது.

மார்ச் 11, செவ்வாய்

நேற்று முழுக்க நான் பக்கத்தில் உட்கார்ந்து பென்சிலை எடுத்து எடுத்துக் கொடுக்க, அவன் புதுக் காகிதத்தில் மறுபடி தீட்டினான். அருமையான பச்சை. கத்தரி அக்கா வரும் முன் நான் அவனிடம் சொல்லிவைத்தேன்: முதல் காகிதத்தைப் பற்றி மூச்சு விடாதே, யாருக்கும் எதுவும் தெரிய வேண்டியதில்லை.

அவர் வந்து பார்த்தார். கையில் வாங்கி வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்ப் பார்த்தார். இந்தப் பச்சையை எப்படித் தேடிப் பிடித்தீர்கள் என்று மச்சானைக் கேட்டார். வழக்கம்போலச் சிரித்திருந்தால் முடிந்தது.

"மாமா எடுத்துக் குடுத்தார்க்கா. எனக்குப் பச்சை தெரியாது. நிறக்குருடு" என்றான்.

ஆர்டர் போகிறதே என்றுகூட எனக்குத் தோன்றவில்லை. அவன் குரல் நடுங்கவே இல்லை. பதினாறு வருடம் பூட்டி வைத்ததை, யாரோ ஒரு பெண்ணிடம், விலாசம் சொல்கிற மாதிரி சொல்லிவிட்டான்.

அவர் முகத்தில் இரக்கம் எதுவும் வரவில்லை. அவரும் கைவேலை தெரிந்தவர் இல்லையா, அப்படியென்றால் எப்படி வரைகிறீர்கள் என்றுதான் கேட்டார். நோட்டைக் காட்டினான். தங்கள் சின்னத்தின் கறுப்புக் கோட்டுப் படத்தில், சாய்கோடுகளின் மேல் விரலை ஓட்டிக்கொண்டே போனார்.

"இது ஊசி போற திசை மாதிரியே இருக்கே. சட்டையில ஒரே நூல்ல தைச்சிரலாம்" என்றார்.

இரண்டையும் எடுத்துக்கொண்டு போனார். நிறப்படம் அவர்களுடைய அறைச் சுவருக்கு. கோட்டுப்படம் சட்டைக்கு.

மார்ச் 12, புதன்

'ரயிலை விட்ட மாப்பிள்ளை' என்று இனி யாரும் கூப்பிடக் கூடாது என்று சொந்தக்காரர் ஒவ்வொருவருக்கும் நானே போன் செய்தேன். ஏன் என்று கேட்டவர்களிடம், வைத்தவன் நான், எடுக்கிறவனும் நான் என்றேன்.

ஏப்ரல் 5, சனி

ஆட்டம் பார்க்கப் போனோம். கத்தரி அக்கா அணி ஒன்றுக்கு மூன்று என்று தோற்றது. ஆனால் மைதானத்தின் அந்தக் கோடியில் ஓடுகிறவர்களின் நெஞ்சில்கூடக் கத்தரிக்கோல் தெளிவாகத் தெரிந்தது. மச்சான் ஆட்டத்தைப் பார்க்கவே இல்லை, தூரத்தில் தெரிகிறதா என்பதையே பார்த்துக்கொண்டிருந்தான். எதிரணித் தலைவி இடைவேளையில் வந்து, எங்களுக்கும் ஒன்று வரைவீர்களா என்றார்.

மே 21, புதன்

மச்சானுக்கு ஒரு வரன். இவளோடு மருந்துக் கடையில் வேலை பார்க்கிறவரின் தங்கை, பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறார். முன்பு எத்தனை வரன் வந்தாலும் தட்டிக் கழித்தவன், இந்தத் தடவை சரி என்றான். அந்த அக்காவும் தங்கையும் மாலையில் நம் வீட்டுக்கு வந்தார்கள்.

இவன் உட்காரக்கூட இல்லை. நின்றுகொண்டே சொல்லிவிட்டான், தனக்கு என்ன தெரியாது, அது யாருக்கெல்லாம் வரலாம், எல்லாம். வேன் ஓட்டுகிற தங்கை தன் சட்டையைத் தொட்டுக் காட்டி, இது என்ன நிறம் என்று நினைக்கிறீர்கள் என்று கேட்டார். பழுப்பு என்றான். சிவப்பு என்றார் அவர், சிரிக்காமல், ஒரு தகவலைக் குறித்துக்கொள்கிறவர் போல. அப்புறம் இருவரும் பேச ஆரம்பித்தார்கள். நானும் இவளும் அடுப்படிக்குப் போய்விட்டோம்.

ஞாயிற்றுக்கிழமை எங்களை அவர்கள் வீட்டுக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள்.

அவர்கள் கிளம்பிய சற்று நேரத்தில் மாமியார் போன் செய்தார். எடுத்ததும், சொல்லிவிட்டானா என்று கேட்டார். வந்ததும் முதல் வேலையாகச் சொல்லிவிட்டான் அத்தை என்றேன்.

"ஞாயித்துக்கிழமை எத்தனை மணிக்குக் கிளம்பறீங்க? நானும் வர்றேன்" என்றார்.