கூட்டிட்டுப் போறவரும் நிக்கணும்

பிரியமான எஸ்தர் அக்காவுக்கு,

கீழ் கோத்தகிரியில் பச்சைத் தேயிலை விலை மறுபடியும் இறங்கிவிட்டது. ஃபேக்டரி வாரத்தில் பாதி நாள்தான் ஓடுகிறது. என் கடையில் அரைக் கிலோ சர்க்கரை வாங்கியவர்கள் கால் கிலோ கேட்கிறார்கள். "இலை விலை இறங்கினா ஏஜெண்டு மலை ஏறுவான்" என்பீர்களே, மில்லுக்குப் பெண்பிள்ளைகளைப் பிடிக்க ஏறிவிட்டான்.

வேலைக்கு மலையிறங்கும் பெண்ணை உங்கள் சர்ச்சில் ஞாயிறு ஆராதனையில் முன்னால் நிறுத்தி, வழியனுப்பு ஜெபம் செய்வார்கள். மாதர் சங்கம் உங்கள் கையில் இருந்தவரை, கூட்டிக்கொண்டு போகிறவனும் பக்கத்தில் நிற்க வேண்டும். எந்த மில், யார் பொறுப்பு என்று எல்லார் காதிலும் விழச் சொல்ல வேண்டும். சபையில் இரண்டு பேர் கூடவே போய், தங்கும் இடத்தைப் பார்த்துவிட்டு வருவார்கள். "ஏனுங்க அக்கா, இது ஜெபமா, போலீஸ் விசாரணையா?" என்று கேலி செய்தேன். "ஜெபத்துக்குக் கண்ண மூடலாம் முருகேசு. புள்ளைய அனுப்பறப்ப மூடக்கூடாது" என்றீர்கள்.

நீங்கள் ஊரைவிட்டுப் போன பிறகு, பெண் மட்டும்தான் நின்றாள்.

போன மாதம் ஒருவன் வந்தான். வாய் நிறைய ஸ்தோத்திரம். சர்ச்சுக்குப் புது மைக் செட் வாங்கித் தந்தான். கொடுத்தவனிடம் எப்படிக் கேள்வி கேட்பது என்று எல்லாரும் கூசிவிட்டார்கள். எஸ்டேட் லைன் வீட்டு ராணி தன் மகள் ஷீபாவை, பதினொன்றாம் வகுப்பிலிருந்து நிறுத்தி, அவனோடு அனுப்ப ஏற்பாடு. இலவசமாகச் சாம்பிள் கொடுக்கிறவன் விலையை எங்கே வைப்பான் என்று எனக்குத் தெரியாதா, அக்கா?

நான் கும்பிடுவது முருகனை. ஆனாலும் அந்த ஞாயிறு செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனேன். "கூட்டிட்டுப் போறவரும் நிக்கணுமில்லைங்களா?" என்றேன்.

ராணி வெடுக்கென்று திரும்பினாள். "எங்க ஊட்டு அடுப்பு எரியுதான்னு உங்களுக்குத் தெரியுமா கடைக்காரரே?"

ஆனாலும் நின்ற இடத்தைவிட்டு நான் நகரவில்லை.

போதகர் அவனை முன்னால் அழைத்தார். ஏதோ ஒரு மில் பெயரைச் சொன்னான். இரண்டு பேர் கூட வருவார்கள் என்றதும், வண்டியில் இடமில்லை என்றான். "நம்ம ஜீப்பு சும்மாதானுங்க நிக்குது" என்றேன். போன் வருகிறதென்று வெளியே போனவன் திரும்பவேயில்லை. மைக் செட்கூட வேண்டாமாம்! போதகர் போலீஸில் புகார் எழுதிக் கொடுத்திருக்கிறார்.

அவனைத் துரத்தியதால் ராணியின் அடுப்பு எரிந்துவிடுமா? அடுத்த ஞாயிறு போதகரே சபையில் இதைக் கேட்டார். பெண்கள் உலை வைக்கும்போதெல்லாம் சர்ச்சுக்கென்று எடுத்து வைக்கும் பிடி அரிசியை ஏலத்தில் மலிவாக எடுப்பவன் நான்தானே? இனி ஏலம் கிடையாது. அந்த அரிசி வேலையில்லாத வீடுகளுக்கே போகிறது. எனக்கு நஷ்டம்தான், போகட்டும். ஷீபா மறுபடியும் பள்ளிக்கூடத்துக்குப் பஸ் ஏறுகிறாள்.

ராணி அதற்குப் பிறகு என் கடைப் பக்கமே வரவில்லை. நேற்றுதான் வந்தாள். பக்கத்து லைன் பெண்ணுக்குத் திருப்பூரில் வேலையாம். "ஜீப்பு எப்பங்க கிளம்புது? பாத்துட்டு வர்ற ரெண்டு பேர்ல நானும் ஒருத்தி" என்றாள்.

முன் சீட்டு அவளுக்குத்தான், அக்கா. இனி இந்த மலையிலிருந்து வேலைக்கு இறங்குகிற எந்தப் பெண்ணோடும் என் ஜீப் போகும், இடத்தைப் பார்க்காமல் திரும்பாது. டீசல் என் பொறுப்பு.

கூடப் பிறக்காத உங்கள் தம்பி,
மளிகைக்கடை முருகேசன்