அப்பா அக்கரையில் மாட்டிக்கொண்ட அன்று

மெஹிக்காலி பள்ளத்தாக்கு,
ஜூன் 3

அன்பு மகள் நெரெய்தாவுக்கு, அம்மா எழுதுவது. இங்கே நான், உன் அப்பா, நாய், இரண்டு கோழி எல்லோரும் உயிரோடு இருக்கிறோம். அங்கே நீயும் மாப்பிள்ளையும் பிள்ளையும் சுகமாக இருக்க குவாதலூப்பே மாதா துணை. உயிரோடு என்று ஏன் எழுதினேன் என்பது படிக்கப் படிக்கத் தெரியும், பதறாதே. போனில் சொன்னால் நீ கத்துவாய், உன் அப்பா போனைப் பிடுங்கிப் பேசுவார், அதனால்தான் கடிதம். நேற்றிலிருந்து ஓர் இடத்தில் உட்கார முடியவில்லை, நாலு வரி எழுதுகிறேன், எழுந்து போய் அவர் ஒழுங்காக மூச்சு விடுகிறாரா என்று பார்த்துவிட்டு வருகிறேன்.

மேலே அணையில் மதகைத் திறந்து ஆற்றில் தண்ணீர் விட்டிருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டதிலிருந்து உன் அப்பாவுக்குக் கால் தரையில் நிற்கவில்லை. விடிந்ததும் இன்சுலின் ஊசி, தொப்பி, நடை. தண்ணீர் எது வரைக்கும் வந்திருக்கிறது என்று பார்க்கிறாராம். அந்த ஆறு செத்து நாற்பது வருஷமாச்சு, வெறும் மணலைப் பார்க்கவா இந்த வெயில்ல போறீங்க என்று தினமும் திட்டுவேன். எங்கள் கல்யாண லாரியே அந்த மணல்மேல்தானே வந்தது! நீ கூப்பிட்டபோது, நாங்கள் இருவரும் உன்னோடு வந்து இருக்க அவரிடம் கேட்காமலே நான் சரி சொன்னதும் இந்த நடைக்குப் பயந்துதான், பெட்டியில் துணிகூட அடுக்கிவிட்டேன்.

நேற்று ஊசி போட்டுக்கொண்டு, சாப்பிட வந்துடறேன் என்று போனவர் வரவே இல்லை. ஊசி போட்டுச் சாப்பிடாவிட்டால் அவருக்குச் சர்க்கரை எப்படி இறங்கும் என்று உனக்குத் தெரியும். பீன்ஸ் வைத்துச் சுருட்டிய தோர்த்தியா ரொட்டியும் ஒரு கோலா பாட்டிலும் பையில் போட்டுக்கொண்டு ஓடினேன். ஆற்றங்கரை இப்போது காடு, நெரெய்தா! நீ பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளோடு போய் நட்டாயே, மரம் நடுகிறவர்கள் வாய்க்கால் தண்ணீர் விட்டு வளர்த்த அந்த அலமோ மரக் கன்றுகள் எல்லாம் வானத்தை மறைக்கின்றன. வில்லோ கிளை முகத்தில் அடிக்கிறது, மெஸ்கீத் முள் பாவாடையைக் கிழிக்கிறது, பீவர் கடித்துச் சாய்த்த மரத்தில் தடுக்கி விழுந்தேன், கொசு வாய்க்குள்ளேயே போகிறது. அழகு பார்க்க நேரமில்லை, ஃபிதென்சியோ, ஃபிதென்சியோ என்று கத்திக்கொண்டே நடந்தேன்.

மரங்கள் முடிந்த இடத்தில் தண்ணீர். அதற்கு அந்தப் பக்கம் மணல்மேட்டில் உன் அப்பா. காலையில் வழக்கம்போலக் காய்ந்த மணலில் நடந்து தாண்டியிருக்கிறார். இவர் முன்னால் பார்த்துக்கொண்டு நிற்க, தண்ணீர் பழைய வாய்க்கால் வழியாகப் பின்னால் வந்து வளைத்துக்கொண்டது. அவருக்கும் நீச்சல் தெரியாது, எனக்கும் தெரியாது, ஆறே இல்லாத ஊரில் யார் கற்றுக்கொடுத்தார்கள்? சட்டை வியர்வையில் ஊறி, கை நடுங்க உட்கார்ந்திருந்தார். தோர்த்தியா பொட்டலத்தை வீசினேன், பாதியில் விழுந்து மிதந்துகொண்டே போய்விட்டது. பாட்டிலை வீசத் துணிவு வரவில்லை. ஏங்க, என்னைப் பாருங்க என்று அலறினேன். யாரோ முன்பின் தெரியாதவளைப் பார்ப்பதுபோலப் பார்த்தார், மரியாதையாகத் தொப்பியைக் கழற்றினார், அம்மா, நீங்க ஊருக்குள்ளதானே போறீங்க, எங்க வீட்டுக்காரி எர்லிந்தாகிட்ட ஒரு வார்த்தை சொல்லிடுங்க, ஆறு வந்துடுச்சுன்னு, நான் சொன்னா அவ நம்ப மாட்டேங்கறா என்றார்.

சர்க்கரை இறங்கி, என்னையே அவருக்கு அடையாளம் தெரியவில்லை. பாட்டிலைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு இறங்கிவிட்டேன். இடுப்பு வரை, பிறகு மார்பு வரை. அடி வைக்க வைக்க மணல் காலுக்கடியில் கரைகிறது. மாதாவையும் கூப்பிட்டேன், அவரைக் கெட்ட வார்த்தையிலும் திட்டினேன். கழுத்துக்கு வருமுன் தரை மேடேறியது. கோலாவை வாயில் ஊற்றினேன், பாதி சட்டையில்தான் போயிற்று. கொஞ்ச நேரம் கழித்துக் கண் தெளிந்து, இவ்ளோ தண்ணியில நீ எப்படிடி வந்தே என்று கேட்டார். அப்போதுதான் உட்கார்ந்து அழுதேன். பிறகு மரம் நடுகிறவர்களின் படகு வந்து எங்களை ஏற்றிக்கொண்டது.

என்னிடம் என்ன சொல்லி அனுப்பினார் என்பது அவருக்கு நினைவில்லை. நானும் சொல்லவில்லை, எப்படிச் சொல்வேன்? இத்தனை வருஷம் கூடவே இருந்தும், ஒரு சந்தோஷச் சேதியை எனக்குச் சொல்ல அவர் வழியில் போகிற ஒருத்தியைக் கெஞ்ச வேண்டியிருக்கிறது. பெட்டியைப் பிரித்துவிட்டேன். டிக்கெட் எடுக்காதே, என்மேல் கோபித்துக்கொள்ளாதே. நாளைக்கும் போகத்தான் போகிறார், நான் தடுக்கப் போவதில்லை. ஆனால் சாப்பிட்டுவிட்டுத்தான், என்னோடுதான்.

மாதா உங்கள் மூவரையும் தன் முந்தானைக்குள் வைத்துக் காக்கட்டும், பிள்ளைக்கு என் முத்தம். மறக்காமல் எனக்கு ஒரு ஜோடி ஷூ அனுப்பு. போன தடவை மாதிரி அழகு பார்த்து வாங்காதே, தண்ணீரில் ஊறினாலும் பிய்ந்து போகாததாகப் பார்.

உன் அம்மா,
எர்லிந்தா