கோயிலுக்குக் கொடுத்த ஸ்பீக்கர்கள்

குருநகர்,
தவக்காலம், இரண்டாம் கிழமை.

அன்பின் கிறிஸ்ரோபருக்கு,

இங்கே நானும் மாமியும் இருக்கிறோம். சுகம் என்று எழுதக் கை வரவில்லை, இருக்கிறோம். உங்கள் அக்கா மகன் சுபாங்கன் வெள்ளிக்கிழமை டென்மார்க் திரும்புகிறான். அவனிடம் இதைக் கொடுத்துவிடுகிறேன். போனில் சொல்லலாம்தான். ஆனால் போனை எடுத்ததும் ஸ்பீக்கர் எப்படி என்றுதான் கேட்கிறீர்கள். அதற்கு நான் பதில் சொல்லி முடிக்க உங்கள் வேலை இடைவேளையும் முடிந்துவிடுகிறது.

ஆகவே அந்தக் கதையையே முதலில் எழுதுகிறேன்.

நீங்கள் கப்பலில் அனுப்பிய இரண்டும் கீறல் இல்லாமல் வந்தன. பார்க்க நல்ல வடிவு. பள்ளிக்கூடத்தால் வந்து, மாமிக்குக் கஞ்சி பருக்கி, உடுப்பு மாற்றிப் படுக்கவைத்துவிட்டு, போன வருடம் வந்த வால்வு அம்பிளிபயரில் அவற்றைக் கொழுவினேன். சத்தம் காணாது, மெல்லிசாகத்தான் கேட்டது. வயரை அம்பிளிபயரின் பின்னால் குறைந்த மின்தடைக்குரிய மற்ற முனைக்கு மாற்றிப் பார்த்தேன். பேஸ் கொஞ்சம் இறுகியது, அவ்வளவுதான். கூட்டினால், பாடுகிறவருக்குத் தடிமன் பிடித்த மாதிரி அடைத்தது.

எதுவும் பழுதில்லை. அம்பிளிபயரும் நல்லது, ஸ்பீக்கரும் நல்லது, ஒன்றுக்கொன்று தோதில்லை. அந்த வால்வு தருவதே எட்டு வாட். உங்கள் ஸ்பீக்கரோ நிறைய வாட் கேட்கிற சாதி. வாங்க முதலே சொன்னேன். “பௌதிகம் படிப்பிக்கிறது வேறை, பாட்டுக் கேக்கிறது வேறை” என்று சிரித்தீர்கள். அதை விடுவோம், எனக்கு வாதாடச் சக்தியில்லை.

நீங்கள் கோபிக்கப்போவது இனித்தான். உங்களைக் கேட்காமல் அந்த இரண்டையும் கோயில் மண்டபத்துக்குக் கொடுத்துவிட்டேன்.

மண்டபத்தில் இருந்த பழைய பெரிய ஸ்பீக்கர் பெட்டிகள், அங்கே வாங்கிய புது அம்பிளிபயரோடு சேர்ந்து காது கிழியக் கத்துகின்றன என்று பாதர் அருட்செல்வன் அலுத்துக்கொண்டார். எனக்கு உடனே விளங்கியது. அந்தப் பழைய கடதாசிக் கூம்புகளுக்கு ஒரு வாட் போதும். உங்களுடையதற்கு அதே சத்தத்துக்கு இருபது வேண்டும். மாற்றிக்கொள்வோமா என்று கேட்டேன். பாதர் தயங்கினார். “பிறகு அவர் வந்து சண்டை பிடிக்கமாட்டாரோ ரீச்சர்?” என்றார். வந்தால் நல்லது பாதர் என்றேன்.

பெட்டி ஒவ்வொன்றும் கோழிக்கூடு அளவு. சாப்பாட்டு மேசையை விறாந்தைக்குத் தள்ளித்தான் இடம் எடுத்தேன். ஒரு கூம்பைக் கரப்பான் அரித்திருந்தது. மெல்லிய கடதாசியும் பசையும் வைத்து ஒட்டினேன். ஞாயிறு பூசை முடிந்து வந்து கொழுவி, சத்த அளவைக் காற்பங்குதான் திருப்பினேன். பாடுகிறவர் ஹோலுக்குள் கதிரை போட்டு இருந்து பாடுவதுபோல் இருந்தது. அடுப்பில் பால் பொங்கி ஊற்றியதுகூடத் தெரியாமல் நின்றேன்.

அப்போதுதான் மாமி கூப்பிட்டா. மார்கழியில் இரண்டாம் முறை வாதம் வந்த பிறகு உங்கள் அம்மா வாய் திறக்கவே இல்லை என்று உங்களுக்குத் தெரியும். கூப்பிட்டது அவதான் என்று நம்ப எனக்குக் கொஞ்ச நேரம் எடுத்தது.

“ஆர் பிள்ளை உது பாட்டுப் போட்டது? கிறிஸ்ரோபர் வந்திட்டானோ?”

இந்த வீட்டில் பாட்டுப் போடுகிற ஆள் நீங்கள் ஒருவர்தானே. நான் “ஓம் மாமி” என்றுவிட்டேன். ஏன் சொன்னேன் என்று இன்னும் தெரியவில்லை.

“சாப்பிட்டவனோ?”

“சாப்பிட்டார் மாமி.”

அவ கண்ணை மூடிக்கொண்டு, அசைகிற கையைப் போர்வைக்கு வெளியே நீட்டினா. நீட்டியபடியே வைத்திருந்தா. எனக்கு வேறு வழி தெரியவில்லை, என் கையைக் கொடுத்தேன். தடவிப் பார்த்துவிட்டு மெல்ல விலக்கினா. “இது உன்ரை கையெல்லோ” என்றா. அதன் பிறகு இன்றுவரை ஒரு சொல் இல்லை.

நான் பாட்டை நிற்பாட்டிவிட்டுக் குசினியில் போய் இருந்தேன்.

டொக்டர் இப்போது மாதக் கணக்குச் சொல்வதில்லை. சாப்பாடு இறங்கும்வரை கொடுங்கள் என்கிறார். நீங்கள் ஹோலுக்குப் பெயின்ற் அடித்த பிறகு வாறன் என்றீர்கள். பிறகு அம்பிளிபயர் வரட்டும், ஸ்பீக்கர் வரட்டும் என்றீர்கள். உங்களில் பிழை பிடிக்க எழுதவில்லை. அவவை இந்தக் கோலத்தில் பார்க்க உங்களுக்குப் பயம் என்று எனக்குத் தெரியும். ஒவ்வொரு விடியவும் அந்த அறைக் கதவைத் திறக்க எனக்கும் பயம்தான். திறக்கிறேன், என்ன செய்வது. எனக்கும் களைத்துவிட்டது கிறிஸ்ரோபர்.

இனி ஒரு சாமானும் அனுப்பவேண்டாம். சென்னை வழியாகப் பலாலிக்கு வந்தால் கொழும்பு அலைச்சல் இல்லை. வருகிற நாளை மட்டும் சொல்லுங்கள். பள்ளிக்கூடத்துக்கு லீவு போட்டு, ஓட்டோ பிடித்து, விமான நிலைய வாசலில் நான் நிற்பேன். வந்தவுடன் என்னோடு கதைக்கக்கூட வேண்டாம். வீட்டில் இறங்கி நேரே உள்ளே போங்கள்.

மாதா உங்களுக்கு வழித்துணையாக வரவேண்டும் என்று மன்றாடும்,
உங்கள் றொசாந்தி