முதலாளியின் கைக்குட்டை

ஏனுங்க,

பெட்டியை ஒழித்தபோது உங்கள் காக்கிச் சட்டைப் பையில் சிவப்பு முனைக் கம்பி ஒன்று கிடைத்தது. ஆர்கான் வெல்டிங்குக்காக நீங்கள் தினமும் கிரைண்டரில் கூர் தீட்டிய டங்ஸ்டன் கம்பி. தீட்டியதும் முனையை வாயால் ஊதிப் பார்ப்பீர்கள். அந்தத் தூசியில் கதிர்வீசும் தோரியம் இருக்கிறதென்று பெரியநாயக்கன்பாளையத்துப் பட்டறையில் யாரும் உங்களுக்குச் சொல்லவில்லை.

முதலாளிக்குத் தெரிந்த மருந்தெல்லாம் வெல்லம்தான். சாயங்காலம் ஆளுக்கு ஓர் அச்சு. தின்றுவிட்டுத் தண்ணீர் குடித்தால் தூசி கீழே இறங்கிவிடும் என்பார். சோறு போகிற வழி வேறு, மூச்சு போகிற வழி வேறு என்று அறியாத மனிதரா? கிரைண்டர் பக்கம் வந்தால் மட்டும் செண்ட் போட்ட கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொள்வாராம். நீங்கள்தான் சொல்லிச் சிரித்தீர்கள். எனக்கு அன்றும் சிரிப்பு வரவில்லை, இன்றும் அருவருப்பாகத்தான் இருக்கிறது.

தொண்ணூற்றாறில், பீடியே தொடாத உங்களுக்கு நுரையீரலில் புற்று. திருட்டுத்தனமாகக் குடித்திருப்பான் என்று ஊரெல்லாம் சொல்லி வைத்தவரும் அந்த மகராசன்தான். கோயமுத்தூர் டாக்டரம்மா மட்டும் உங்கள் வேலை என்னவென்று கேட்டார். வெளியே இருந்தால் அந்தக் கதிர் தோலைக்கூடத் தாண்டாதாம். மூச்சோடு போய் உள்ளே ஒட்டிக்கொண்ட துகளோ வருஷக்கணக்கில் பக்கத்துச் சதையைச் சுட்டுக்கொண்டே கிடக்குமாம். இதனால்தான் வந்தது என்று அறுதியாகச் சொல்ல முடியாது, ஆனால் ஆபத்தைக் கூட்டும் என்றார்.

துக்கம் கேட்க வந்த முதலாளி, காரியத்துச் சமையலுக்கென்று ஒரு சிப்பம் வெல்லம் இறக்கினார். வரும்போதே பாதி உண்மையை மட்டும் யாரிடமோ கேட்டுக்கொண்டு வந்திருந்தார்.

"ஒரு காயிதத்தக்கூடத் தாண்டாதுங்க அம்மணி அந்தக் கதிரு. சும்மா பயமுறுத்தறாங்க" என்று சொல்லிக் கைக்குட்டையை எடுத்து நெற்றியைத் துடைத்தார்.

"வெல்லத்த நீங்களே கொண்டுபோய்த் தின்னுங்க. கைக்குட்டைய இங்க வெச்சுப்போட்டுப் போங்க" என்றேன். சொந்தபந்தமெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தது. கைக்குட்டையை அழகாக மடித்துப் பையில் வைத்துக்கொண்டு கிளம்பினார்.

கம்பியை டப்பாவில் போட்டு மூடிவிட்டேன். தீட்டாமல் கிடந்தால் ஒன்றும் செய்யாதாம். பொங்கலுக்கு இப்போதெல்லாம் வெள்ளை அஸ்கா சர்க்கரைதான் போடுகிறேன். நன்றாகவே இல்லை. ஆனாலும் வெல்லத்தைத் தொட்டால், அந்த ஆளுக்குக் கும்பிடு போட்டு நீங்கள் கையேந்தி வாங்கித் தின்றது கண்ணில் வந்து நிற்கிறது.